அரிசிப் பை உள்ளே போக ஒரு காரணம், அவ்வளவுதான்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஏழைகளைச் சந்திக்கும் குழுவில் சேர வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு கொடுக்கணும்?" என்பதுதான். பதிலுக்கு நான், "உங்களுக்கு மலாய் பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பத் தெரியுமா? வார நாளில் அரை நாள் லீவு கிடைக்குமா?" என்று கேட்பேன். கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். பசித்தவருக்குச் சோறு போடலாம் என்று ஆசையோடு வந்தவரிடம் பாரம் நிரப்பச் சொன்னால் யாருக்குத்தான் முகம் சுருங்காது?

நான் கோலாலம்பூரில் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்; எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அந்தப் பட்டறைதான் சோறு போட்டது. நான் ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றேன். பாரம், நகல், முத்திரை, கவுண்டர் என்று வாழ்க்கை ஓடியது. இந்தச் சலிப்பான திறமை கடவுளுக்கும் வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பாட வராது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை அடக்கவும் வராது. ஆனால் சமூக நல இலாகாவுக்கு எந்தப் பாரத்தோடு எந்த நகலைச் சேர்க்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

நாங்கள் இருப்பது புனித வின்சென்ட் தெ பவுல் சபை. கத்தோலிக்கர்களுக்குப் பழகிய பெயர்தான். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1833-இல் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் விவாதக் கூட்டங்களில் கிறிஸ்தவத்துக்காக வாதாடுவாராம். அங்கே ஒருநாள் எதிர்த்தரப்பு அவரை மடக்கியது. உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது, சரி, இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். வாதத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குப் புரிந்தது. நண்பர்கள் சிலரோடு சேர்ந்து தொடங்கியதுதான் இந்தச் சபை. ஆனால் புத்தகத்தோடு வளர்ந்த அந்தப் பையன்களுக்கு ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. வழிகாட்டியவர் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி. பாரிஸின் ஏழைத் தெருக்களை வீடு வீடாக அறிந்தவர் அவர். பிற்பாடு ஓசானாமுக்கு 1997-இலும் ரோசலிக்கு 2003-இலும் அருளாளர் பட்டம் கிடைத்தது. எனக்கு ஓசானாமைவிட ரோசலியைத்தான் அதிகம் பிடிக்கும். நிறுவனரை எல்லாருக்கும் தெரியும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டியவரைச் சிலருக்குத்தான் தெரியும்.

இந்தச் சபையின் பழக்கங்கள் இரண்டு எனக்கு ரொம்பப் பிடித்தவை. வீட்டுக்குத் தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு துணிப்பை சுற்றி வரும். கையை உள்ளே விட்டு எடுப்போம். யார் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) போட்டார், யார் ஒன்றுமே போடவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. இடது கை அறியாமல் கொடு என்று ஆண்டவர் சொன்னதற்கு இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் நன்கொடை என்றால் பெயர்ப் பலகை, மேடை, பொன்னாடை எல்லாம் வந்துவிடுமே!

என்னோடு வழக்கமாக வருபவர் ஓர் அங்கிள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி, ஆனாலும் நான்கு மாடி ஏறுவார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் மிகச் சின்னது: "கொடுத்தா குடிம்மா."

வீட்டில் தேத்தண்ணி கொடுத்தால் குடிக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். நமக்குத் தயக்கமாக இருக்கும். அவர்களிடம் இருக்கும் கொஞ்சம் பால் மாவையும் நாம் ஏன் கரைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் வேண்டாம் என்று சொன்ன மறுநிமிடம் அந்த வீட்டு அம்மா வாங்குகிறவராகவும் நாம் கொடுக்கிறவராகவும் ஆகிவிடுகிறோம். குடித்தால் அவர் வீட்டுக்காரி, நாம் விருந்தாளி. அப்புறம் பேச்சே வேறு மாதிரி போகும். நின்றுகொண்டே பையை நீட்டினால், "நல்லா இருக்கோம்க்கா, கடவுள் புண்ணியம்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். தரையிலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வாடகைப் பாக்கி வெளியே வரும், மகன் பள்ளிக்குப் போகாதது வெளியே வரும், மேசை மேல் பிரிக்காமல் கிடக்கும் மாநகராட்சிக் கடிதமும் கண்ணில் படும். பிரிக்காத கடிதங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அரசாங்க முத்திரை போட்ட உறை என்றாலே சிலருக்குப் பயம். பிபிஆர் என்ற அரசாங்க மலிவு அடுக்குமாடி வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளிதான். ஆனால் பல மாதம் சேர்ந்துவிட்டால் அந்தக் கடிதத்தைத் திறக்கக் கை வராது. திறந்து படித்தால், பாக்கியைத் தவணையில் கட்ட வந்து பேசுங்கள் என்றுதான் சில நேரம் எழுதியிருக்கும்.

இனி அந்த அரிசிப் பைக்கு வருகிறேன். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் நன்கொடையாளர்களுக்கும் அடிக்கடி உரசல். கம்பெனிகளிலிருந்தும் குடும்பங்களிலிருந்தும் வரும் பொட்டலங்களில் வழக்கமாக இருப்பவை வெள்ளை அரிசி, சீனி, கெட்டிப் பால், மைலோ, மெகி மீ, பிஸ்கட், எண்ணெய். மனசார வாங்கித் தருகிறார்கள், குறை சொல்ல வாய் வராது. ஆனால் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் பத்தில் மூன்று பேருக்கு. நாங்கள் போகும் வீடுகளில் காலில் கட்டுப் போட்டவர்களையும் விரல் எடுத்தவர்களையும் பார்க்கும்போது, கையில் இருக்கும் சீனிப் பையைக் கீழே வைக்கவே கூச்சமாக இருக்கும். டயாலிசிஸ் செய்பவர் என்றால் இன்னும் சிக்கல். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினோடு உட்காருகிறவருக்கு உப்பு நிறைந்த மெகி மீயும் சார்டின் டின்னும் மருந்துக்கு எதிரி. வாழைப்பழம், தக்காளி, இளநீர் என்று நாம் நல்லது என நினைப்பவற்றிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால் டாக்டர் அளவு சொல்லியிருப்பார். நட்சத்திரப் பழம் அவர்கள் தொடவே கூடாது.

அதனால் நாங்கள் பொட்டலத்தை வீட்டுக்கு வீடு மாற்றிக் கட்டுகிறோம். சீனியைக் குறைத்து முட்டை, பருப்பு, கோதுமை மாவு. குழந்தை இருந்தால் பால் மாவு, அந்தக் குழந்தை எதைக் குடிக்கிறதோ அந்த பிராண்டு. படுக்கையில் இருக்கும் முதியவர் என்றால் பெரியவர்களுக்கான பேம்பர்ஸ். யாரும் நினைக்காத பொருள் அது. விலையும் அதிகம், மாதம் முழுக்க வேண்டும். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு சானிட்டரி நேப்கின், கேட்காமலே. அப்புறம் சமையல் கேஸ். அரிசி இருந்து கேஸ் தோம்பு காலியாக இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆண்டி ஒருவர் மாதத்துக்கு ஒரு தோம்பு தன் பெயரில் கடையில் எழுதிவைத்துவிடுவார். யாருக்குப் போகிறது என்று கேட்கமாட்டார். என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோவார். பிடி அரிசி என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பழக்கம். ஆண்டியின் கேஸ் தோம்பும் அதே பழக்கம்தான் என்று எனக்குத் தோன்றும்.

பொருள் வருகிற காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் பொட்டலங்கள் குவியும். ஒரே வீட்டுக்கு மூன்று அமைப்புகள் வந்துவிட்டுப் போகும். பண்டிகை முடிந்தால் ஒரு ஈ காக்கை இருக்காது. பட்டணத்தில் சாலையில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதிலும் இதே கதைதான். சனிக்கிழமை இரவு ஒரே இடத்தில் பல குழுக்கள் வந்து நிற்கும், சாப்பாடு மிஞ்சிக் குப்பைக்குப் போகும், செவ்வாய்க்கிழமை யாரும் இருக்கமாட்டார்கள். 2014-இல் நகர மையத்தில் இலவச உணவு கொடுப்பதற்குத் தடை போடப்போவதாக அமைச்சர் சொன்னபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது, நியாயமான எதிர்ப்புதான். ஆனாலும் மற்றக் குழுக்களோடு பேசி நாளை மாற்றிக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிவதில்லை. எந்தக் கோவில், எந்த மதம் என்று பார்க்காமல் ஒரு போன் அடித்தால் முடிகிற காரியம்.

சரி, கவுண்டருக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

ஒரு வீட்டில் லோரி ஓட்டியவர் ஐம்பத்தொரு வயதில் தூக்கத்தில் நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். மனைவி ஒரு கெண்டினில் பாத்திரம் கழுவுகிறார். பங்குத்தந்தை பெயர் கொடுத்து நாங்கள் போனபோது கணவர் இறந்து பல மாதம் ஆகியிருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே அங்கிள் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சந்தா பற்றிச் சும்மா கேட்டார்: "மாப்ளே எந்தக் கம்பெனிக்கு ஓட்டுனாரு? சொக்சோ பிடிச்சாங்களா?"

"பிடிச்சாங்க அங்கிள். ஆனா அவர் வீட்லதானே இறந்தார். வேலையில இறந்தாத்தான் சொக்சோ கிடைக்கும்னு சொன்னாங்க."

யார் சொன்னது? கேள்வி கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர், மச்சான், யாரோ ஒருவர். இது நம் ஆட்களிடையே பரவலாக இருக்கும் தவறான எண்ணம். சொக்சோவில் முக்கியமாக இரண்டு திட்டங்கள் உண்டு. வேலை விபத்துக்கு ஒன்று. இயலாமைக்கும் இறப்புக்கும் இன்னொன்று, அதில் வேலைக்குச் சம்பந்தம் இல்லாத காரணத்தால் இறந்தாலும் பாதுகாப்பு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குச் சந்தா கட்டியிருந்து, அறுபது வயதுக்கு முன் ஒருவர் இறந்தால், அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் எவ்வளவு காலம் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்று அலுவலகத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு அந்த அக்காவோடு நான் போனேன். ஒரே நாளில் முடியவில்லை. ஒரு காகிதம் குறைந்தது, அதற்கு அலைந்தோம். கடைசியில் கிடைத்தது. எங்கள் துணிப்பையில் சேரும் பணம் எந்தக் காலத்திலும் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு கொடுத்திருக்க முடியாது. அது தர்மமும் இல்லை. இருபது வருடம் அவர் சம்பளத்தில் பிடித்த காசு.

நாம் அரிசி கொடுப்பதை இரக்கம் என்கிறோம், அவர்களுக்கு உரிமையாக வர வேண்டியதை வாங்கித் தருவதை ஏதோ ஆபீஸ் வேலை என்கிறோம். எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. இறைவாக்கினர்கள் கைம்பெண்ணின் வழக்கை நடத்துங்கள் என்றுதான் கத்தினார்கள்.

சமூக நல இலாகாவும் அப்படித்தான். ஆதரவில்லாத முதியவர்களுக்கான மாத உதவி முன்பு 500 வெள்ளி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 600 ஆக உயர்த்தினார்கள். மாற்றுத்திறனாளிகள், பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்கள் என்று தனித்தனி உதவிகள் இருக்கின்றன. விண்ணப்பித்தால் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். இந்த இடத்தில்தான் நம் பாட்டிமார்கள் கெட்டுப்போகிறார்கள். அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டைக் கூட்டித் துடைத்து, நல்ல சேலை கட்டி, "மகன் பார்த்துக்கிறான்" என்று சொல்லிவிடுவார்கள். மகன் திரும்பிப் பார்த்து எவ்வளவு நாளாச்சோ. மானம் அவ்வளவு பெரியது. நான் முன்கூட்டியே போய் உட்கார்ந்து சொல்வேன்: "பாட்டி, சேலை கட்டுங்க, நல்லாக் கட்டுங்க. ஆனா மகனைப் பத்திக் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. அது அவனைக் காட்டிக் கொடுக்கிறதில்லை."

மருத்துவமனை விஷயத்திலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், சில சிகிச்சைக் கருவிகள் என்று கையில் காசில்லாமல் திணறும்போது வார்டு நர்ஸிடம் அந்தப் பிரிவைப் பற்றிக் கேட்க வேண்டும். சொக்சோ சந்தாதாரர் உடல் இயலாதவர் என்று உறுதியானால் டயாலிசிஸ் செலவுக்குச் சொக்சோவிலேயே வழி இருக்கிறது. எவ்வளவோ குடும்பங்கள் அதைக் கேட்காமலே ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன் வாங்கியிருக்கின்றன.

எல்லாக் கதவும் இப்படித் திறப்பதில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாக, இருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். இங்கேயே பிறந்தவர், செந்தூலைத் தவிர வேறு ஊர் தெரியாதவர். பெற்றோர் கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, தாய்க்கு ஆவணம் இல்லை. நம் சட்டப்படி பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்துத்தான். தந்தை குடிமகன், நீல அட்டைக்காரர்; இருந்தும் பயனில்லை. விண்ணப்பம் போட்டோம், மறுபடியும் போட்டோம். இன்னும் காத்திருக்கிறார். அவர் விஷயத்தில் நான் செய்ய முடிந்தது கவுண்டரில் பக்கத்து நாற்காலியில் உட்காருவது மட்டும்தான். அதனால்தான் கல்யாணத்துக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் கோவிலில் தாலி கட்டுவதோடு நிறுத்தாதே, பதிவு ஆகிவிட்டதா என்று பார், சான்றிதழைக் கையில் வாங்கு என்று அலுக்க அலுக்கச் சொல்கிறேன். பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பது எப்படியோ, பிறப்பைப் பதிவதும் அப்படித்தான்.

கோவிட் காலம் இதையெல்லாம் சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கோவில் பூட்டியாகிவிட்டது, பூசை இல்லை, வீடு சந்திப்பு இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். மறு வருடம், 2021 ஜூன் கடைசியில், வெள்ளைக் கொடி இயக்கம் வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி தொங்கவிட்டால் அக்கம்பக்கத்தார் உதவுவார்கள். நல்ல யோசனை, நிறைய உயிர்களைத் தாங்கியது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் கொடி தொங்கவிட்டவர்களைவிட விடாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஓர் அம்மா இறந்துபோன கணவரின் வெள்ளை வேட்டியை எடுத்து, மடித்து, மறுபடி அலமாரியில் வைத்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். எதிர் பிளாட்டில் சம்பந்தி வீடு. எப்படித் தொங்கவிடுவார்? அவரை நாங்கள் கண்டுபிடித்தது எங்கள் பழைய நோட்டில் அவர் போன் நம்பர் இருந்ததால். வருடக்கணக்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த வீடுகளின் நம்பர்கள் எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் போன் அடித்தோம், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டோம். குரலிலேயே தெரிந்துவிடும். பொருளை அந்தந்த பிளாட்டில் இருக்கும் ஓர் இளைஞன் வாசலில் வைத்துவிட்டு வருவான்.

அந்த இளைஞர்களில் ஒருவன் முஸ்லிம். இன்னொருவன் முருகன் கோவிலில் காவடி எடுப்பவன். அதைச் சொல்லும்போது இன்னொரு விஷயமும் ஞாபகம் வருகிறது. நாங்கள் போகும் வீடுகளில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள், சில முஸ்லிம் குடும்பங்கள். பொட்டலத்துக்குள் துண்டுப் பிரசுரம் வைக்கலாமே என்று புதிதாக வருபவர் யாராவது கேட்பார். வைக்கக்கூடாது. முஸ்லிம்களிடம் வேறு மதம் பரப்புவதற்கு நம் நாட்டில் பல மாநிலங்களில் சட்டத் தடை உண்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமே இல்லாவிட்டாலும் பசியோடு இருப்பவருக்குக் கொடுக்கும் அரிசியில் தூண்டில் இருக்கக்கூடாது. முஸ்லிம் வீட்டுக்குப் போகும் பொருளில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பிரிக்காத பாக்கெட்டாகவே கொடுப்போம். முடிந்தால் சுராவ் (சிறு தொழுகை இடம்) கமிட்டியில் சொல்லிவிட்டுச் செய்வோம். இந்து வீட்டு அம்மாவே, "எனக்காக மாதாகிட்ட வேண்டிக்கோங்கக்கா" என்று கேட்டால் அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஒரு செபம் சொல்வேன். கேட்காவிட்டால் வீட்டுக்கு வந்து என் செபமாலையில் சேர்த்துக்கொள்வேன். கடவுளுக்கு எது எங்கே சொன்னாலும் கேட்கும்.

போட்டோ பற்றிச் சுருக்கமாக: எடுப்பதில்லை. நன்கொடையாளர் ஆதாரம் கேட்டால் ரசீதைப் படம் எடுத்து அனுப்புவோம், முகத்தை அல்ல. ஒரு வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் எங்கள் சத்தம் கேட்டதும் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். வேறொரு குழு வந்து அரிசி மூட்டையோடு எடுத்த படம் அவள் வகுப்பு வாட்சப் குரூப்பில் சுற்றியிருக்கிறது. அந்தக் கதவு திறக்க ரொம்ப நாளானது.

பணமாகக் கொடுக்கலாமா என்பது எங்கள் கூட்டத்தில் இன்னும் முடியாத சண்டை. குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் பணம் கொடுத்தால் எங்கே போகும் என்று தெரியும், அதனால் கடைக்கோ பள்ளி பஸ்காரருக்கோ நேராகக் கட்டுவோம் என்பது ஒரு கட்சி. ஏழைக்குத் தன் காசைத் தானே செலவழிக்கும் மரியாதை வேண்டாமா என்பது மறு கட்சி. நான் இடையில். பொய் சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பங்குகளில் வாங்குவார்கள், இறந்துபோன மாமியாரை இன்னொரு தடவை சாகடிப்பார்கள். அங்கிள் சிரித்துவிட்டு, "பணக்காரனும்தான் வரி கட்டாம பொய் சொல்றான், அவனை யாரு வீட்டுக்குப் போய் விசாரிக்கிறா?" என்பார். ஆனால் ஆலோங் கடனை மட்டும் நாங்கள் அடைப்பதில்லை. ஒன்றை அடைத்தால் மறுவாரம் புதிதாக ஒன்று வந்து நிற்கும். போலீஸ் புகார் கொடுக்கத் துணைக்குப் போவோம். வங்கிக் கடன் என்றால் ஏகேபிகே-க்கு அழைத்துப் போவோம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. இலவசம்தான்.

இந்த வேலையில் ஆட்கள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும், எடுக்காவிட்டால் குற்ற உணர்வு, எடுத்தால் வீட்டில் சண்டை. இப்படி வேகமாக எரிந்து காணாமல் போன நல்ல பிள்ளைகள் பலர். அவர்களிடம் நான் நல்ல சமாரியர் கதையைத் திரும்பப் படிக்கச் சொல்வேன். அடிபட்டவரைத் தூக்கினார், காயத்துக்கு எண்ணெயும் மதுவும் ஊற்றினார், சத்திரத்தில் சேர்த்தார், இரவு கூட இருந்தார். இவ்வளவும் பிரசங்கத்தில் வரும். மறுநாள் காலை அவர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, பார்த்துக்கொள்ளுங்கள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தார் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவருக்கும் போக வேண்டிய ஊர் இருந்தது. பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுக்கத் தெரிந்தது, திரும்பி வருவேன் என்று சொல்லவும் தெரிந்தது. நாங்களும் குடும்பங்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை அழையுங்கள், அவசரம் என்றால் 999, நான் ஊரில் இல்லாதபோது இந்த அக்கா. எங்களால் முடியாதது என்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்வோம். பார்க்கலாம் என்று இழுத்தால் அவர்கள் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.

இப்போது எங்களுக்குள்ள பெரிய தலைவலி ஆள் பற்றாக்குறை. போன வருடம் உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக எங்களோடு அனுப்ப பாதர் ஒத்துக்கொண்டார். முதலில் செல்போனைப் பார்த்துக்கொண்டே படிக்கட்டில் வந்தார்கள், எனக்குக் கோபம்தான். அப்புறம் பார்த்தால் அந்தச் செல்போனிலேயே பாட்டிக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டினான் ஒருவன். நான் கவுண்டரில் அரை நாள் நிற்கிற வேலை அது. இன்னொருத்தி பாட்டிக்குச் சீனியில்லாத தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு, தானும் அதையே குடித்து முகத்தைச் சுளித்தாள்.

அந்தப் பிள்ளைகளே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை காலை பிளாட்டின் கீழே மேசை போட்டு, யார் வந்தாலும் பாரம் நிரப்பிக் கொடுப்பது. குடியிருப்பாளர் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம். தலைவர், சுராவ் கமிட்டியும் கோவில் கமிட்டியும் சேர்ந்தால் நல்லது என்றார், எங்களுக்கும் அதுவே சரி. மேசை, நாற்காலி இருக்கிறது. நகல் எடுக்கிற பிரிண்டர் ஒன்று மட்டும் குறைகிறது. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.